எந்த உப்பு?

எங்கள் தெருவில் என் நோய்க்கு இதுவரை நாலு பெயர் வைத்தாகிவிட்டது. பால் ஊற்றுகிறவர் பக்கவாதம் என்கிறார். எதிர் வீட்டு அம்மாள் கண்ணேறு என்கிறாள். இஸ்திரி போடுகிறவர் மூளைக்காய்ச்சல் என்று நம்புகிறார். இன்னொருத்தி, பெயர் சொல்ல மாட்டேன், "டீச்சருக்குப் புத்தி கொஞ்சம் பேதலிச்சிட்டாம்லா" என்று கோயில் வாசலிலேயே சொல்லியிருக்கிறாள். நானே எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நோயாளி நான்தான், ஆனால் நடந்ததில் பாதி எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், மகள் வள்ளி வேறு ஒன்று சொல்கிறாள், எனக்கு நினைவிருப்பது மூன்றாவது விதமாக இருக்கிறது. எதை நம்புவது என்று இன்றைக்கும் குழப்பம்தான். என்னால் முடிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு என்றால் உப்புப் பகுப்பாய்வு. ஒரு பொட்டலத்தில் ஏதோ ஒரு உப்பைக் கொடுப்போம். பிள்ளைகள் அதைச் சூடாக்கி, அமிலம் ஊற்றி, நிறம் பார்த்து, அது இன்னது என்று கண்டுபிடிக்க வேண்டும். "இது உப்பு டீச்சர்" என்று எவளாவது வந்து நின்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எந்த உப்பு? காப்பர் சல்பேட்டா, அமோனியம் குளோரைடா? உப்புன்னா என்னத்தன்னு நான் எடுத்துக்கிட?" என்று கேட்பேன். அதனால் என் பட்டப்பெயரே 'எந்த உப்பு' டீச்சர். கோமதி என்ற பெயரைவிட அதுதான் ஊரில் பிரபலம்.

என் வீட்டுக்காரர் எனக்கு முறை மாப்பிள்ளை. நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். மின்சாரத்துறையில் கம்பிகளோடு மல்லுக்கட்டிய மனிதர். எங்கேயாவது பழுது என்று காதில் விழுந்துவிட்டால் அதைச் சரிசெய்யாமல் சோறு இறங்காது. அந்தக் குணம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. வீட்டில் பழுதாக நான் ஒருத்திதான் மிச்சம்.

எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. அதற்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். சிறுநீரை அதிகமாக வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, நாங்கள் தண்ணி மாத்திரை என்போம். வழக்கம்போல ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவை வாங்கப் போனது அத்தான். வாசலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி கோமு, உப்பு கூடிட்டாம்லா!"

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான் கூடியிருக்காம். பெரிய டாக்டர் ஊர்ல இல்ல. வந்ததும் காட்டுங்கன்னாவ. அதுக்குள்ள நாமளே கொறச்சிருவோம்."

எவ்வளவு என்று கேட்டேன் பாருங்கள். எந்த உப்பு என்று கேட்கவில்லை. அந்தக் காகிதத்தை ஒரு தடவை வாங்கிப் பார்த்திருந்தால் போதும். அலமாரியில் மடித்து வைத்தார். எனக்கும் வாங்கிப் படிக்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கே உப்பு ஜாடி பரண் ஏறியது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாம் எதிர் வீட்டுக்குப் போயின. உப்பில்லாத இட்லி, உப்பில்லாத ரசம். எங்கள் வீட்டுச் சொதி கல்யாண வீட்டுச் சொதிக்குக் குறையாது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்தத் தேங்காய்ப்பால் குழம்பை உப்பில்லாமல் ஒரு வாய் வைத்துப் பாருங்கள், அழுகை வரும். அதோடு விட்டாரா? உள்ளே இருக்கிற உப்பைக் கரைத்து வெளியே தள்ள வேண்டுமாம். பெரிய பாட்டிலில் தண்ணீரை நிரப்பி என் பக்கத்தில் கொண்டு வந்து வைப்பார். காலியானால் மறுபடியும் நிரப்புவார்.

"தாமிரபரணித் தண்ணி. ஊரு ஊரா இதுக்கு ஏங்குதாங்க. மடமடன்னு குடி."

நானும் குடித்தேன். அவர் அவ்வளவு அக்கறையாக நின்றால் என்ன செய்வது?

சில நாட்களில் உடம்பு அசந்தது. குமட்டல், தலைவலி, நடந்தால் கால் எங்கேயோ போகிறது. வயசாகிறது என்று விட்டுவிட்டேன். பிறகு வேறு ஒன்று ஆரம்பித்தது. பாலை இட்லி மாவில் ஊற்றினேன். கரண்டி என்ற சொல் வாயில் வரவில்லை, "அந்த நீளமா இருக்குமே" என்றேன். ஒருநாள் மார்க்கெட் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். அம்பாசமுத்திரம் என்று பலகையில் எழுதியிருந்தது, எழுத்துக் கூட்டிப் படித்தும்விட்டேன். அது என் பிறந்த ஊர். ஆனால் அந்த எழுத்துக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமல் நின்றேன். வண்டி போன பிறகுதான் உறைத்தது. அன்றைக்குப் பயந்த மாதிரி நான் என் வாழ்நாளில் பயந்ததில்லை.

ஏனென்றால் எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் தொடங்கியது. தலைமை ஆசிரியராக இருந்தவர், கடைசியில் சொந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று எங்களையே கேட்பார். மறதி நோய். மாத்திரையால் தீராத நோய். அதுதான் எனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அத்தானிடம் சொல்லவில்லை. அவருக்கு ஒரு காப்பி போடத் தெரியாது. சமைப்பது நான், அவருடைய மாத்திரையை எடுத்துக் கொடுப்பது நான். நான் மறந்து போனால் அவர் கதி என்ன? அவர் தண்ணீர் கொண்டு வந்து வைக்க வைக்க, நான் ஒன்றும் நடக்காதவள் போலக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனார். அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயது, நம் ஊர்ப் பிள்ளை. புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கச் சில கேள்விகள் கேட்பார்களாம்.

"டீச்சர், இது எந்த ஊரு?"

"ஊரு இருந்த இடத்துலதான் இருக்கு."

"இப்ப என்ன மாசம்?"

"இது பாடத்திட்டத்துலயே இல்ல."

"சரி, இவிய யாரு?" என்று அத்தானைக் காட்டியிருக்கிறார். நான் அவரை மேலும் கீழும் பார்த்தேனாம். "இந்த அண்ணாச்சியா? பாவம், ஆட்டோவுல கூட வந்தாவ. அவிய சோலியப் பாக்கப் போகட்டும், அனுப்பிருங்க" என்றேனாம்.

எங்கள் ஊரில் மளிகைக் கடைக்காரரும் அண்ணாச்சி, பஸ்ஸில் இடம் கொடுக்கிறவரும் அண்ணாச்சி. அறிமுகமில்லாத ஆளுக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை அது. ஆனால் கட்டின புருஷனை யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா? அத்தான் என் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓரமாகப் போய் நின்றுகொண்டாராம். இதை எனக்குச் சொன்ன நர்ஸ் சிரித்துக்கொண்டேதான் தொடங்கினாள், முடிக்கும்போது சிரிக்கவில்லை.

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தம் கசியவில்லை, அடைப்பும் இல்லை. பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சோடியம் படுமோசமாகக் குறைந்திருந்தது. மாலையில் வள்ளி மதுரையிலிருந்து வந்து சேர்ந்தபோது டாக்டரம்மா அத்தானை விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

"சாப்பாட்டுல உப்பு எப்படிச் சேக்கீங்க சார்?"

அத்தான் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறார். "ஒரு கல்லு கூடக் கெடையாது டாக்டர். நான் அடியோட நிப்பாட்டிட்டேன். தண்ணியும் பாட்டில் பாட்டிலா குடுக்கேன்."

"எதுக்கு சார் நிப்பாட்டுனீங்க?"

"உப்பு கூடிட்டுன்னு ரத்தம் பாத்த எடத்துல சொன்னாவளே!"

கிளம்பும்போது அலமாரியிலிருந்து எடுத்து அத்தான் பையில் போட்டிருந்த பழைய காகிதத்தை டாக்டரம்மா வாங்கிப் பார்த்தாராம். சோடியம் என்ற வரியே அதில் இல்லை. கிரியாட்டினின் என்ற வரியில்தான் எண் சற்றுக் கூடியிருந்தது. அது சதை தேய்வதால் ரத்தத்தில் சேருகிற ஒரு கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். தள்ளுவது மந்தமானால் ரத்தத்தில் கூடும். நம் பக்கத்து ஜனங்களுக்குக் கிரியாட்டினின் வாயில் நுழையாது, அதனால் எல்லாரும் அதை உப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது ஒரு உப்பே இல்லை. சோற்றில் போடுகிற உப்பும் அதுவும் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாதவை.

"அந்த உப்பு வேற, இந்த உப்பு வேற சார்" என்று டாக்டரம்மா பதமாகத்தான் சொன்னாராம். அத்தான் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்தார் என்று வள்ளி சொல்கிறாள். "அப்ப நான்தான் இவளுக்கு இப்படிச் செஞ்சிட்டேனா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

உடம்பில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு உப்பு நின்றது. தண்ணி மாத்திரை இருந்த சோடியத்தையும் வெளியேற்றியது. அதற்குமேல் குடம் குடமாகத் தண்ணீர். ரத்தம் நீர்த்துப் போய்விட்டது. ரத்தம் நீர்த்தால், அந்தத் தண்ணீர் செல்களுக்குள் புகும். காய்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதிக்கொள்ளும் இல்லையா, அதுபோல. சவ்வூடு பரவல். இதை நான் வகுப்பில் திராட்சையை வைத்தே செய்து காட்டியிருக்கிறேன். மற்ற இடத்தில் செல் ஊதினால் கொஞ்சம் இடம் இருக்கிறது, மூளை மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது, அதற்கு நகர இடமில்லை. அதனால்தான் மறதி, தள்ளாட்டம், புத்திக் குழப்பம்.

உப்புதான் குறைச்சல் என்றால் ஒரு கரண்டியை வாயில் போட வேண்டியதுதானே என்று வள்ளிக்கும் தோன்றியிருக்கிறது. "இன்னைக்கே ஏத்திர முடியாதா டாக்டர்?" என்று அழுதிருக்கிறாள்.

"பையத்தான் ஏத்தணும். சட்டுன்னு ஏத்துனா ஊதுன செல் ஒரேயடியாச் சுருங்கி நரம்புக்கு மேல இருக்க உறை கெட்டுப்போகும். அப்பறம் கை காலு விளங்காமப் போயிரும். பைய, பைய."

பைய என்றால் எத்தனை பைய! சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர். அடிக்கடி ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். முடிவு வரும்வரை வள்ளி வராந்தாவில் நடப்பாள். எண் கொஞ்சம் ஏறினால் சந்தோஷப்படுவதா, ரொம்ப ஏறிவிட்டதோ என்று பயப்படுவதா என்று அவளுக்குத் தெரியாது. எனக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது, அளந்து கொடுத்த ஒரு மடக்குதான். குடி குடி என்று உயிரை வாங்கிய மனிதர் இப்போது ஒரு வாய் கூடக் கொடுக்க முடியாமல் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

அந்த நாட்களில் எனக்கே எனக்கென்று தங்கிய நினைவு ஒன்று உண்டு. பகல்தான், பச்சைத் திரைக்குப் பின்னால் வெயில் தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். ஈரத் துணியால் என் உதட்டைத் துடைத்துவிட்டார். யாருடைய துணைக்கு வந்தவரோ, நல்ல மனிதர் என்று நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மனசில் இருந்ததை எல்லாம் கொட்டிவிடத் தோன்றியது. தெரியாத ஆளிடம் சொல்வது எவ்வளவு சுலபம்!

"அண்ணாச்சி, எங்க அப்பாவுக்கு வந்த மறதி எனக்கும் வந்துட்டு. கொஞ்ச நாளாவே எனக்குத் தெரியும். யாருட்டயும் சொல்லல."

"பயப்படாதீங்க டீச்சர்" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்ட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவ்வோ பயந்த சுபாவம். நான் இல்லன்னா ஒரு காப்பிக்குக் கூட வழியில்லாமப் போயிருவாவ."

அவர் துணியை மறுபடியும் நனைத்துப் பிழிந்தார். "சொல்ல மாட்டேன் டீச்சர். சத்தியமாச் சொல்ல மாட்டேன்" என்றார். நான் தூங்கிப்போனேன்.

புத்தி எப்போது திரும்பியது என்று கேட்கிறார்கள். அது கதவைத் திறந்துகொண்டு வரவில்லை. ஒருநாள் காலையில் மேலே தொங்கிய பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எழுதியிருந்ததைப் படித்தேன். "சோடியம் குளோரைடு. அடர்வு கொஞ்சம் கூடுதல்" என்றேன் சத்தமாக. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அவள் என் பள்ளிக்கூடத்தில் படித்தவளாம். "ஏ யம்மா, எந்த உப்பு டீச்சர் வந்துட்டாவ!" என்று வராந்தாவுக்கு ஓடினாள்.

வள்ளி வந்தாள், அழுதாள், நடந்ததைச் சொன்னாள். கிரியாட்டினின் கதை வந்தபோது எனக்கு வந்த கோபத்தில் சோடியம் கொஞ்சம் தானாகவே ஏறியிருக்கும். "எங்க அந்த மனுசர்? கூப்பிடு!" என்றேன். அவர் மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்கிறாராம். கடைசியில் வந்தார். தாடி வளர்ந்து, சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. திட்டுவதற்கு நான் வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ.

"அத்தான், சாப்பிட்டீங்களா?" என்றேன்.

அத்தான் என்ற சொல்லைக் கேட்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன், நான் அவரை வேறு எப்படிக் கூப்பிடுவேன் என்று நினைத்தேன். அவசரப் பிரிவுக் கதையை நர்ஸ் அதற்கப்புறம்தான் சொன்னாள்.

மருத்துவமனையில் படுத்துக்கொண்டு யோசிக்க நேரம் நிறைய. இது யார் செய்த பிழை? அவர் ஒரு சொல்லைக் கேட்டார், அதை அப்படியே செய்தார். ரத்தம் பார்த்த இடத்தில் ஊர் வழக்கத்தில் சொன்னார்கள். படித்த நான் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. நோய் என்று கேட்டவுடன் நமக்குத் தெளிவு வேண்டியிருப்பதில்லை, கைக்கு ஒரு வேலை வேண்டியிருக்கிறது. ஜாடியைப் பரணில் வைப்பது ஒரு வேலை. பாட்டிலை நிரப்புவது ஒரு வேலை. அதைச் செய்தால் பயம் கொஞ்சம் அடங்குகிறது. அத்தானுக்கு அப்படி. எனக்கு, பயத்தை ஒளித்து வைப்பதே ஒரு வேலையாக இருந்தது. இதில் யாரை முட்டி போடச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது தண்ணி மாத்திரையை மாற்றிவிட்டார்கள். செலவில் பெரும்பகுதி காப்பீட்டில் போயிற்று, மீதியை வள்ளி எங்களுக்குக் காட்டாமல் கட்டிவிட்டாள். நான் டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்தேன்.

"என் மறதி முழுக்க உப்பாலதானா? இல்ல, எங்க அப்பாவோடதும் கொஞ்சம் கலந்திருக்கா?"

"பெரும்பாலும் உப்புதான் டீச்சர். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு ஞாபகச் சோதனை வச்சுப் பாப்போம். இப்பவே முடிவா சொன்னா அது பொய்" என்றார். நேர்மையான பிள்ளை. ஆனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்போதும் ஒரு பெயர் மறந்தால், இது எல்லாருக்கும் வருகிற மறதியா அந்த மறதியா என்று நெஞ்சு திக்கென்கிறது.

கிளம்புகிற அன்று வள்ளியிடம், "எனக்குத் துணையா ஒரு அண்ணாச்சி இருந்தாவளே, அவியளுக்கு ஒரு நன்றி சொல்லணும்" என்றேன். "அப்படி யாரும் இல்லம்மா. வார்டுக்குள்ள அப்பாவையும் என்னையும் தவிர யாரையும் விடல" என்றாள். புத்தி கலங்கியிருந்தபோது கண்ட கனவு என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம். சமையலறைக்குள் என்னை விடவில்லை. அத்தான் சமைக்கிறார்! வள்ளியிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சொதி வைத்திருக்கிறார். பரணிலிருந்து ஜாடி இறங்கிவிட்டது. நான் சாப்பிட உட்கார்ந்தேன். இனிமேல் ஒளிக்கக் கூடாது என்று தோன்றியது.

"அத்தான், உங்கட்ட ஒண்ணு சொல்லணும். கீழ விழுறதுக்கு முன்னாலயே எனக்கு மறக்க ஆரம்பிச்சிட்டு. அப்பாவுக்கு வந்ததுதான் வந்துட்டுன்னு நெனச்சு உங்கட்டச் சொல்லல."

"தெரியும்" என்றார் அவர், சோற்றைப் போட்டபடி.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்காரர்ட்ட சொல்லிராதீங்கன்னு நீ கேட்டுக்கிட்டே. நானும் சத்தியம் பண்ணேன். இந்த நிமிசம் வரைக்கும் நான் அந்த மனுசன்ட்ட மூச்சு விடல, டீச்சர்."

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. இந்த நாற்பது வருஷத்தில் அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டதே இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. ஒரு வாய் வைத்தேன். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

"அத்தான், உப்பு கூடிட்டு" என்றேன்.

கரண்டியும் கையுமாக நின்றவர், பதறாமல், நிதானமாகக் கேட்டார்:

"எந்த உப்பு?"